ஏணி வளைந்தால் பலகையும் வளையும்

காற்றில் சாய்ந்த மரத்தை விறகுக்குப் போடாமல் தோட்டத்திலேயே செயின்சாவால் பலகை அறுக்கலாம் என்று போன இதழில் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களை அடுக்கினால் ஒரு சாண் உயரம் வரும். அதனால் இந்த மாதம் உரமும் பூச்சியும் ஓரமாக இருக்கட்டும். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், விவரமாக எழுதிய ஒருவர் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஐயா, வீட்டுக் கொல்லையில் நின்ற பலாமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. அடிமரம் 9 அடிக்கு நேராக இருக்கிறது. நடுவில் சுற்றளவு 66 அங்குலம். என்னிடம் 72 சிசி செயின்சாவும் 28 அங்குல பாரும் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு) உண்டு. பாரில் மாட்டிப் பலகை அறுக்கிற ஃபிரேமும் வாங்கிவிட்டேன். முதல் அறுப்புக்கு மரத்தின்மேல் ஏணியைக் கட்டி, அதன்மேல் ஃபிரேமை ஓட்டினால் போதும் என்கிறார்கள். 10 அடி அலுமினிய ஏணி வீட்டில் இருக்கிறது. போதுமா?
— பேராவூரணி வாசகர்

ஏணியை மாமரத்தில் சாய்த்து வையுங்கள் தம்பி, மாங்காய் பறிக்க உதவும்.

நானும் ஏணியில்தான் ஆரம்பித்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்து எங்கள் ஆலங்குடி வட்டாரத்தையும் புரட்டிப் போட்டபோது, என் தோட்டத்தில் நின்ற வேம்பு ஒன்று கிணற்று மேட்டில் குறுக்கே கிடந்தது. அந்த நேரத்தில் மரஅறுவை மில்லுக்கு ஏற்றிப் போக வண்டியும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. ஒரு ஃபிரேமை வரவழைத்தேன். வெளிநாட்டில் இதற்கு அலாஸ்கன் மில் என்று பெயர். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பாரை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும், மேலே இரண்டு தண்டவாளம் மாதிரி குழாய் இருக்கும். அந்தக் குழாய்க்கும் பாருக்கும் நடுவே எத்தனை அங்குலம் வைக்கிறோமோ அத்தனை அங்குலத்தில் பலகை வரும்.

எட்டடி வேம்பு. இரண்டு தலையிலும் கட்டை அடித்து, அதன்மேல் ஏணியைக் கட்டி முதல் அறுப்பை இழுத்தேன். பார்வைக்கு அருமையாக இருந்தது. பிறகு அந்த முகத்தின்மேலேயே ஃபிரேமை வைத்து அடுத்தடுத்து ஒன்பது பலகை. எல்லாம் ஒரே கனம், டேப் வைத்துப் பார்த்தால் ஒரு நூல்கூட (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வித்தியாசம் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். ஈர்க்குச்சி போக இடம் இல்லாமல் பொருந்தின. பெருமை தாங்கவில்லை, ஊரையே கூட்டிக் காட்டினேன்.

ஆறு மாதம் கழித்து வந்த ஆசாரி ஒரு பலகையை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரமாக நீளவாக்கில் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதையும் பார்த்துவிட்டு, "மாமா, தொட்டில் செய்யவா இதை அறுத்தீங்க?" என்றார். நூல் பிடித்துப் பார்த்தோம். ஒன்பதும் நடுவில் மூன்று நூல் பள்ளம். எல்லாம் ஒரே அளவுக்கு வளைந்திருந்ததால்தான் அடுக்கியபோது அவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கின்றன.

நடந்தது இதுதான். ஏணி இரண்டு முனையில் மட்டும் நின்றது. நடுவில் மெஷின் போகும்போது அதன் எடையோடு என் கையின் அழுத்தமும் சேர்ந்து ஏணி தொய்ந்தது. முதல் அறுப்பு அந்தத் தொய்வை அப்படியே மரத்தில் எழுதிவிட்டது. இரண்டாவது அறுப்புக்கு முதல் முகம்தான் தண்டவாளம், மூன்றாவதற்கு இரண்டாவது. முதலில் விழுந்த கோணல் கடைசிப் பலகைவரை நகல் எடுத்துக்கொண்டே போகும். செயின்சாவுக்கு நேர் தெரியாது, தனக்கு மேலே என்ன இருக்கிறதோ அதைப் பின்பற்றும். அதனால் அரை நாள் போனாலும் பரவாயில்லை என்று முதல் அறுப்புக்கான தண்டவாளத்தில் உட்காருங்கள். பாக்கி அறுப்பெல்லாம் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும்.

என்ன போடலாம்? ஒன்றரை அங்குலச் சதுர இரும்பு பாக்ஸ் பைப், 2 மி.மீ. கனம், இரண்டு. கடையில் வாங்கும்போதே தரையில் உருட்டி, கண் வைத்துப் பார்த்து நேரானதாகப் பொறுக்குங்கள். உங்கள் 9 அடிக் கட்டைக்கு 11 அடி வேண்டும். இரண்டு தலையிலும் ஒவ்வொரு அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பார் மரத்தைத் தொடுவதற்கு முன்பே ஃபிரேம் தண்டவாளத்தில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும், வெளியே வரும்போதும் அப்படித்தான். நீட்டம் இல்லாவிட்டால் நுழையும் இடத்தில் ஒரு படி விழும், முடியும் இடத்தில் மூக்கு குத்தும். 10 அடி ஏணியில் இந்தக் குறையும் சேர்ந்துதான் இருக்கிறது.

இனி உங்கள் மரத்தையே எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 66 என்றால் நடுவில் குறுக்களவு 21 அங்குலம். அடித்தலை 22, நுனித்தலை 20 என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அளந்து மாற்றிக்கொள்ளுங்கள். கட்டையை இரண்டு குறுக்குக் கட்டைமேல் ஒரு அடி உயரத்துக்கு ஏற்றி, உருளாமல் இரு பக்கமும் ஆப்பு கொடுங்கள். அறுக்கிற திசையில் லேசான சரிவு இருந்தால் மெஷின் தானாக இறங்கும், முதுகு பிழைக்கும்.

இரண்டு தலையிலும் வளையங்களின் மையத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து மேலே அளக்க வேண்டும். மரத்தின் மேல்தோலிலிருந்து அளந்தால், அடி பெருத்து நுனி சிறுத்த கட்டையில் பலகை மையத்துக்குச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும். மையத்துக்கு மேல் 7 அங்குலத்தில் இரண்டு தலையிலும் கரிக்கோடு போடுங்கள். அதுதான் முதல் அறுப்பு. அங்கே அறுத்தால் நுனியில் 14 அங்குலமும் அடியில் 17 அங்குலமும் அகலமான முகம் கிடைக்கும், அடுத்த அறுப்புக்கு ஃபிரேம் ஆடாமல் நிற்க அது தாராளம். பிறகு 4 அங்குல அகலத்தில் இரண்டு தலைப்பலகை எடுத்து, அதன் மேல்விளிம்பு மையத்திலிருந்து பதினொன்றரை அங்குலத்தில் வருகிற மாதிரி இரண்டு தலையிலும் திருகுங்கள். பலகையின் அடிவிளிம்பு கரிக்கோட்டுக்கு அரை அங்குலம் மேலே நிற்கும். திருகுகள் கோட்டுக்கு ஒன்றரை அங்குலமாவது மேலே இருக்கட்டும். செயின் திருகில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தலைப்பலகையை மாட்டும்போது ரசமட்டம் வைப்பீர்கள், நல்லது. ஆனால் ரசமட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். பத்தடி பின்னால் போய்க் குனிந்து, கிட்டத்துப் பலகையின் மேல்விளிம்புக்கு மேலாகத் தூரத்துப் பலகையின் விளிம்பைப் பாருங்கள். இரண்டும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். தூரத்து விளிம்பு ஒரு பக்கம் மட்டும் மேலே தூக்கித் தெரிந்தால் பலகை முறுக்கிக்கொண்டு வரும். வளைந்த பலகையைக்கூடத் துண்டு போட்டு ஸ்டூல் செய்துவிடலாம், முறுக்கிய பலகை இழைத்தே தீர்ந்துபோகும்.

அப்புறம் பைப்புகள். ஒன்றுக்கொன்று 10 அங்குல இடைவெளியில் தலைப்பலகை மேல் உட்கார வையுங்கள். பைப்பின் மேல் சுவரில் பெரிய துளை, கீழ்ச் சுவரில் சின்னத் துளை போட்டால் திருகின் தலை பைப்புக்குள் இறங்கிவிடும். மேலே துருத்திக்கொண்டு நின்றால் ஃபிரேம் அதில் தட்டி நிற்கும், நின்ற இடத்தில் பலகையில் குழி விழும்.

நடுவிலும் தாங்கல் வேண்டும். பாக்ஸ் பைப்புதானே, வளையாது என்று விட்டுவிடாதீர்கள். 9 அடிக்கு நடுவில் தாங்கல் இல்லாமல் மெஷின் ஏறினால் அதுவும் இரண்டு மூன்று மி.மீ. தொய்யும். நடுவில் பைப்புக்கும் மரத்துக்கும் இடையே இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே இடைவெளி இருக்கும். எதிரும் புதிருமாக இரண்டு ஆப்பை அங்கே செருகுங்கள். பைப்பின் முனையிலிருந்து முனைக்கு விறைப்பாக நூல் கட்டி, நூலும் பைப்பும் ஒட்டுகிறவரை ஆப்பைத் தட்டுங்கள். அதிகமாகத் தட்டினால் நடு தூக்கிக்கொள்ளும், அதுவும் கோணல்தான். சரியாக வந்ததும் ஆப்பு நழுவாமல் ஒரு சின்ன ஆணி. நூல் கட்ட வேண்டிய இந்த இடத்தில்தான் நான் அன்றைக்கு டீ குடிக்கப் போனேன்.

ஃபிரேமில் எத்தனை வைப்பது? தலைப்பலகை பதினொன்றரை, பைப் ஒன்றரை, ஆகப் பைப்பின் மேல்முகம் மையத்திலிருந்து 13 அங்குலம். அறுக்க வேண்டியது 7ல். எனவே ஃபிரேமில் 6 அங்குலம். மெஷினைக் கிளப்புவதற்கு முன் ஃபிரேமைத் தலைமாட்டில் வைத்து, பார் கரிக்கோட்டோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். கணக்கில் தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பைப் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள், வழுக்கிக்கொண்டு போகும்.

முழு த்ராட்டிலில் மெதுவாக நுழையுங்கள். தள்ளுவதைவிட ஃபிரேம் பைப்பில் படிந்திருக்கிறதா என்பதில்தான் கவனம். இரண்டடி போனதும் நிறுத்தி, பின்னால் அறுத்த வாயில் மர ஆப்பு செருகுங்கள். இல்லாவிட்டால் மேல் துண்டு இறங்கி பாரைக் கவ்விக்கொள்ளும். பிறகு இரண்டடிக்கு ஒன்று. இரும்பு ஆப்பு கூடவே கூடாது. 9 அடிக்குப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஆகும், அவசரப்பட வேண்டாம்.

முதல் துண்டை இறக்கும்போது பைப்பைக் கழற்ற வேண்டாம், தலைப்பலகையோடு அப்படியே தூக்கி வையுங்கள். திறந்த முகத்தில் நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் நூல் பிடியுங்கள். நேராக இருந்தால் கதை முடிந்தது, ஃபிரேமை உங்கள் பலகைக் கனத்துக்கு மாற்றி அறுத்துக்கொண்டே போகலாம். கோணலாக இருந்தால் வருத்தப்படாமல் தண்டவாளத்தைத் திரும்ப நேர் செய்து, இன்னும் அரை அங்குலம் கீழே மறுபடி அறுங்கள். அரை அங்குலம் போகட்டும், எனக்கு ஒன்பது பலகை போனது. இரண்டு மூன்று அறுப்புக்கு ஒரு முறை ஃபிரேமின் நட்டுகளை முடுக்குங்கள், அதிர்வில் அவை தளர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு விஷயம் சொல்ல மறந்தேன். 66 அங்குலச் சுற்று, நேரான பலா என்கிறீர்கள். தஞ்சாவூர் வீணையும் மிருதங்கக் கட்டையும் பலாவில்தான் ஆகின்றன. பலகையாகப் போடுவதற்கு முன் அந்தத் தொழில்காரர் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் கதவுக்குப் போடலாம்.

விறகு அறுக்கிற அதே செயினால் பலகை அறுக்கலாமா? புகை வருகிறது, மாவு மாதிரி தூள் கொட்டுகிறது.
— திருமயம் வாசகர்

அறுக்கலாம், அழுதுகொண்டே. குறுக்கே வெட்டும் செயினில் பல்லின் மேல்முகம் 30 பாகை சாய்வாகத் தீட்டியிருக்கும். அது நாரைக் குறுக்கே அறுப்பதற்கு. நீளவாக்கில் அறுக்க அந்தச் சாய்வைப் 10 பாகைக்குக் குறைக்க வேண்டும். ரிப்பிங் செயின் என்றே தனியாக விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் பழைய செயின் ஒன்றை உருண்டை அரம் வைத்து ஒவ்வொரு தீட்டலிலும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சாய்வுக்குக் கொண்டுவரலாம், நான் அப்படித்தான் செய்தேன். அறுத்த முகம் வழவழப்பாக வரும்.

மாவு மாதிரி தூள் வந்தால் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். கூரான பல்லுக்குத் துருவல் மாதிரி வரும். டேங்குக்கு டேங்க் இரண்டு தீட்டல் தீட்டுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. வலது பக்கப் பற்களுக்கு அதிகம், இடது பக்கத்துக்குக் குறைவு என்று தீட்டினால் தண்டவாளம் எவ்வளவு நேராக இருந்தாலும் பார் ஒரு பக்கமாக இழுக்கும்.

புகைக்கு செயின் ஆயிலையும் பாருங்கள். விறகு வெட்டும்போது அரை நிமிடம் வெட்டுவோம், மூச்சு விடுவோம். இங்கே பத்து நிமிடம் முழு வேகம். பெட்ரோலில் கலக்கிற 2டி ஆயில் வேறு; அது லிட்டருக்கு 20 மில்லி என்று உங்கள் மெஷின் புத்தகத்தில் போட்டிருந்தால், அதையும் குறைக்கவே குறைக்காதீர்கள்.

தனியாளாக அறுக்கலாமா?
— மூவர், தனித்தனிக் கடிதங்களில்

கூடாது. ஆப்பு செருக ஒரு ஆள், உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க அதே ஆள். காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ஷூ. இதை எழுதும்போது என் வீட்டம்மா எட்டிப் பார்த்து, "நீங்க செருப்போட அறுத்ததையும் எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்.

சாலையோரமாக எங்கள் பட்டாவில் நின்ற பழைய புளியமரம். அடிமரத்தில் பாதி அறுத்ததும் தீப்பொறி பறந்து செயின் போய்விட்டது. உள்ளே ஆணி இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?
— சிவகங்கை வாசகர்

புளியமரம் என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பேயை ஆணியடித்து இறக்குகிற வழக்கம் எத்தனை ஊரில் இருந்தது! பேய் இறங்கியதோ இல்லையோ, ஆணி உள்ளேதான் இருக்கும். அது போகட்டும், கட்சித் தட்டி, டியூஷன் சென்டர் தகரம், கொடிக்கம்பி, ஆட்டுக்குட்டி கட்டிய வளையம் என்று சாலையோர மரம் இரும்புக்கடை மாதிரி. மரம் பெருக்கப் பெருக்க அவற்றை விழுங்கிவிடும், வெளியே தடம் தெரியாது.

முதலில், ஆள் கை எட்டுகிற உயரம்தான் ஆபத்து. அடியிலிருந்து ஆறேழு அடி வரை. அதற்கு மேலே உள்ள கட்டையை நிம்மதியாக அறுக்கலாம். இரண்டாவது, கட்டையின் தலைமுகத்தைப் பாருங்கள். புளி, கருவேலம் மாதிரி துவர்ப்புச் சத்து உள்ள மரத்தில் இரும்பு இருந்தால் சுற்றிலும் நீலக் கறுப்பாகக் கறை ஓடியிருக்கும், பேனா மை கொட்டின மாதிரி. அறுக்கும்போது நடுவில் அப்படி ஒரு கோடு முகத்தில் தெரிய ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள், ஆணி பக்கத்தில்தான் இருக்கிறது. மூன்றாவது, கையில் பிடிக்கிற மெட்டல் டிடெக்டர். பத்திரிகை ஆபீஸ் வாசலில் என் மேல் தடவுவார்களே, அதே சாமான்தான். ஆனால் ஆழத்தில் இருப்பதை அது காட்டாது, ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் புதிய முகத்தில் தடவ வேண்டும்.

செயின் போனதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கெட்டது நாலைந்து பல்லாக இருந்தால், ரொம்பக் குட்டையான பல்லின் அளவுக்கு மற்றதையும் தீட்டிக் கொண்டுவந்துவிடலாம்.

ஐயா, எங்கள் வேப்பமரத்தை (சுற்றளவு 66 அங்குலம், நீளம் 9 அடி) பார்க்க வந்த வியாபாரி சுற்றளவை நாலாக மடித்து ஏதோ கணக்குப் போட்டு 17 கன அடி என்றார். என் மகன் கல்லூரியில் படித்த கணக்குப்படி 21க்கு மேல் வருகிறது என்கிறான். ஏமாற்றுகிறாரா? நாங்களே செயின்சாவில் அறுத்துக்கொண்டால் லாபமா?
— கீரமங்கலம் வாசகி

உங்கள் மகன் கணக்கும் சரி, வியாபாரி கணக்கும் சரி. நூலால் சுற்றளவு எடுத்து, அதை நாலாக மடித்து, மடித்த அளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவதுதான் மர வியாபாரத்தில் வழக்கம். அங்குலத்தில் எடுத்தால் கடைசியில் 144 ஆல் வகுக்க வேண்டும். உங்கள் கட்டை 66 அங்குலம், 9 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். பேராவூரணித் தம்பியின் பலாவும் அதே அளவு, வேடிக்கைதான். நாலில் ஒன்று பதினாறரை. பதினாறரையைப் பதினாறரையால் பெருக்கினால் 272, ஒன்பதால் பெருக்கி 144 ஆல் வகுத்தால் 17. உருளையின் உண்மையான கன அளவு 21க்கு மேல்தான். இந்த மடிப்புக் கணக்கு எப்போதும் நூற்றுக்கு 78 பங்கைத்தான் காட்டும், மீதி தோலுக்கும் தூளுக்கும் கழிவு. விலையும் அந்தக் கன அடிக்குத்தான் பேசுவார்கள், அதனால் ஏமாற்று இல்லை. அவர் நூலைத் தொய்வில்லாமல் இறுக்கிப் பிடிக்கிறாரா, எந்த இடத்தில் சுற்றுகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். நடுவில் சுற்ற வேண்டும். சிலர் கை நுனிப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும்.

அறுத்தால் லாபமா என்றால், தூளைக் கணக்குப் போடுங்கள். செயின்சா ஒவ்வொரு அறுப்புக்கும் மூன்று நூல் மரத்தைத் தூளாக்குகிறது. மில்லில் ஓடும் பேண்ட் ரம்பம் ஒரு நூல்கூடத் தின்னாது. 14 அங்குல உயரத்தில் ஒன்றேகால் அங்குலப் பலகை போட்டால் செயின்சாவில் எட்டுப் பலகை வரும், பேண்ட் ரம்பத்தில் பத்து வரும். வண்டி போகிற பாதையும் பக்கத்தில் நல்ல மில்லும் இருந்தால் மில்லுக்கே அனுப்புங்கள் அம்மா, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வரப்பு தாண்டி வண்டி வராத இடம், இரண்டு ஆள் தூக்க முடியாத கட்டை, இந்த மாதிரி சமயத்துக்குத்தான் செயின்சா. அங்கே இரண்டு பலகை நஷ்டம் வண்டிக்கூலியை விடக் குறைவு.

தென்னையையும் இப்படி அறுக்கலாமா?
— பட்டுக்கோட்டை வாசகர்

தென்னைக்குக் கணக்கு தலைகீழ். மற்ற மரம் உள்ளே வைரம், வெளியே வெளுப்பு. தென்னைக்கும் பனைக்கும் வெளியே வைரம், உள்ளே சோறு. முதல் அறுப்பில் நாம் மேல்துண்டு என்று தூக்கிப் போடுவோமே, தென்னையில் அதற்குள்தான் நல்ல மரம் இருக்கிறது. அதனால் கரிக்கோட்டை 7 அங்குலம், 8 அங்குலம் என்று இறக்கிப் போடாதீர்கள். தண்டவாளத்தை எவ்வளவு மெல்லிய துண்டு போகுமோ அவ்வளவு மேலே மாட்டி, ஒரு பலகை எடுத்ததும் கட்டையைத் திருப்பி அடுத்த பக்கம். நாலு பக்கமும் எடுத்தபின் நடுவில் நிற்கிற சதுரம் பந்தலுக்குக்கூட ஆகாது, தென்னைக்கே மூடாக்குப் போடுங்கள். கட்டையைத் திருப்புகிற ஒவ்வொரு முறையும் தண்டவாளத்தைப் புதிதாக மாட்ட வேண்டும், அதுதான் இதில் பெரிய வேலை. பல்லும் சீக்கிரம் மழுங்கும், அரம் கையிலேயே இருக்கட்டும். சாய்ந்து மாதக்கணக்கில் ஆன தென்னை என்றால் மெஷினை எடுக்கவே வேண்டாம்.

எனக்கு வயது 74. கீழே ஒருவர், மேலே ஒருவர் நின்று இழுத்த ஈர்வாள் அறுப்பைப் பார்த்து வளர்ந்தவன். அவர்களுக்கு எந்தத் தண்டவாளம் இருந்தது? மெஷின் வந்ததும் ஆளுக்குக் கண் போய்விட்டது என்று சொல்லலாமா?
— காரைக்குடி வாசகர்

சொல்லலாம் ஐயா. என் அப்பாவே அறுப்புக்காரர்தான், அதனால் எனக்குக் கோபம் வராது.

அவர்களுக்கும் தண்டவாளம் இருந்தது, அது நூல். கொட்டாங்கச்சியில் கரியைக் குழைத்து, அதில் பருத்தி நூலை முக்கி, இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டுவார்கள். 'டப்' என்று ஒரு சத்தம், மரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக்கோடு. நூலின் ஒரு முனையைப் பிடிக்கிற வேலை எனக்கு. நுனியில் என் விரல் கொஞ்சம் நகர்ந்தால் போதும், அப்பா சுண்டுவதற்கு முன்பே, "எங்கடா போற?" என்பார். மேலே நிற்கிறவர்தான் கோட்டைப் பார்த்து வாளை நடத்துவார். கீழே நிற்கிறவருக்குக் கோடு தெரியாது, முகத்தில் தூள்தான் கொட்டும். ஆனால் வாள் லேசாகக் கோணினாலும் கீழ்ப்பிடியில் தெரிந்துவிடும், ஒரு சின்ன இருமல் போடுவார், மேலே இருப்பவர் திருத்திக்கொள்வார். அப்பா கீழே நின்றவர். கடைசிக் காலத்தில் அந்த இருமல் நிஜ இருமலாகிவிட்டது.

ஒன்று மட்டும் சொல்வேன். அவர்கள் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாக நூல் போட்டார்கள். ஒன்று கோணினாலும் அடுத்தது நேராக வர வாய்ப்பு இருந்தது. எங்கள் மெஷினில் அந்தச் சலுகை இல்லை.

மாமரத்தைப் பலகையாக்கி வெயிலில் நன்றாகக் காய வைத்தேன். பத்து நாளில் தலை வெடித்து, நீலமாகக் கறையும் பிடித்துவிட்டது. தண்டவாளம் எல்லாம் நேராகத்தான் வைத்தேன்.
— வடகாடு வாசகர்

தண்டவாளத்தின் மேல் குற்றம் இல்லை, வெயிலின் மேல்தான். மரத்தின் ஈரம் பலகையின் முகத்தைவிடத் தலைவழியாக வேகமாக ஓடும், அதனால் தலை முதலில் சுருங்கி வெடிக்கும். அறுத்த அன்றே இரண்டு தலையிலும் பழைய பெயிண்டோ மெழுகோ தடவுங்கள். முடிந்தால் அறுப்பதற்கு முன்பே கட்டையாக இருக்கும்போது தடவுவது இன்னும் நல்லது.

நீலம், பூஞ்சாணத்தின் வேலை. மாவில் ரொம்ப சீக்கிரம் பிடிக்கும். விழுந்த மரத்தை ஒரு மாதம் போட்டு வைத்து அறுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கறையால் பலம் பெரிதாகக் குறையாது, பெயிண்ட் அடிக்கிற சாமானுக்குத் தாராளமாகப் போடலாம். மீதி இருக்கிற பலகைகளை நிழலில், காற்று ஓடுகிற கொட்டகையில், தரையிலிருந்து ஒரு அடி தூக்கி அடுக்குங்கள். இரண்டு பலகைக்கு நடுவே ஓர் அங்குலக் குச்சிகள், ஒன்றரை அடிக்கு ஒன்று, எல்லா அடுக்கிலும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஒரே நேரில். குச்சி முன்னே பின்னே இருந்தால் நேராக அறுத்த பலகையும் காயும்போது அலை அலையாக வளையும். மேலே பாரத்துக்குக் கல் வையுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது வழக்கம், நம் ஊர் வெக்கைக்கு அதற்கு முன்பே காய்ந்துவிடும். ஆனால் ஐப்பசி மழைக்கு முன் சாரல் படாத பக்கமாக மாற்றிவிடுங்கள், கீழ் வரிசைக்குக் கரையான் மருந்தும் போட்டுவிடுங்கள்.

தேக்கு, ஈட்டி, சந்தனம் பற்றிக் கேட்ட நாலு பேருக்கும்: மெஷினைத் தொடுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள், பட்டா நிலமாக இருந்தாலும் சரி. பதில் கிடைத்ததும் எழுதுங்கள்.